நோட்டீஸ் வந்த நாள் முதல் காசோலை வரை: நிலம் எடுக்கப்படும் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் என் பெரியப்பாவுக்கு மெயின் ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு இரும்புச் சாமான் கடை இருந்தது. ஒரு அரசுத் திட்டத்துக்காக அதன் முன்பக்கம் பதினோரு அடி போனது. காசோலை வாங்கப் போன அன்று, அலுவலகத்தில் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பக்கத்துக் கடைக்காரரும் அதே நாளில், அதே மாதிரித் தாளில்தான் கையெழுத்துப் போட்டார். ஆனால் கையெழுத்துக்கு மேலே "தொகை போதாது என்ற ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதினார். அப்புறம் அவர் வழக்குப் போட்டுக் கூடுதல் தொகை வாங்கினார். பெரியப்பாவால் வழக்கே போட முடியவில்லை.

நம் பக்கத்தில் நில எடுப்பு என்றாலே ஒன்று, "அதெல்லாம் வராதுப்பா, முப்பது வருஷமா சொல்றாங்க" என்பார்கள். இல்லையென்றால், "கவர்ன்மென்ட்டை எதிர்த்து என்ன பண்ண முடியும்" என்பார்கள். இரண்டுமே கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கான சாக்கு. நான் பார்த்தவரை இழப்பீட்டுத் தொகையை அதிகாரி கடைசியாகப் போடும் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. விசாரணைக்கு நாம் எந்தத் தாளை எடுத்துப்போனோம் என்பதிலேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.

முதல் படி: எந்தச் சட்டம் என்று பாருங்கள்

நோட்டீஸ் வந்ததும் எவ்வளவு தருவார்கள் என்று தேடாதீர்கள். அதன் தலைப்பில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று போட்டிருக்கும். காலக்கெடு, யாரிடம் முறையிடுவது, நிலம் எப்போது அரசின் கைக்குப் போகும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் மாறும்.

அடிப்படைச் சட்டம் 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்து 1894ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் கதை கொஞ்சம் வேறு. நெடுஞ்சாலைகளுக்கு 2001ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் என மூன்று மாநிலச் சட்டங்கள் தனியாக நிற்கின்றன. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் இவை செல்லாது என்றது. அதே ஆண்டில் மாநில அரசு புதிய சட்டம் கொண்டுவந்து இவற்றுக்கு உயிர் கொடுத்தது. அது செல்லும் என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நமக்கு இதில் என்ன? இந்த மூன்று சட்டங்களில் நிலம் எடுத்தாலும், இழப்பீட்டுக் கணக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிதான் போட வேண்டும். "இது வேற ஆக்ட் சார், அந்த ரேட்டெல்லாம் வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்துக்கும் 2015 முதல் அதே கணக்குதான். ஆனால் நடைமுறையில் ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறக்கக் கூடாது. மாநிலத்தின் தொழில், நெடுஞ்சாலைச் சட்டங்களில் அரசிதழில் இறுதி அறிவிப்பு வந்ததுமே நிலம் அரசுக்குப் போய்விடும். 'காரணம் காட்டு' என்று முதலில் வரும் நோட்டீஸ்தான் உங்களுக்குக் கிடைக்கிற உண்மையான சந்தர்ப்பம். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் அவ்வளவுதான்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021இல் திறந்த மெட்ரோ, மாதவரத்திலிருந்து வரும் இரண்டாம் கட்ட மெட்ரோ, எண்ணூர் - மணலி சாலை மேம்பாடு, எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர் பக்கம் போகும் எல்லைச் சாலை என நம் பகுதியில் ஒரே நேரத்தில் பல துறைகள் நிலம் எடுத்திருக்கின்றன. எதிர்வீட்டுக்காரருக்கு வந்தது ஒரு சட்டம், உங்களுக்கு வந்தது இன்னொன்று என்று இருக்கலாம். அவருடைய காலக்கெடுவை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. கட்டட அனுமதி கேட்கும்போது சாலை விரிவாக்கப் பகுதியைத் தானப் பத்திரமாக எழுதித் தரச் சொல்வார்களே, அது நில எடுப்பு அல்ல. அதற்கு இந்த இழப்பீடு கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைகிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டாம் படி: நிலம் யார் பேரில் இருக்கிறது?

வடசென்னையில் பாதிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. தாத்தா பேரில் பத்திரம், அப்பா பேரில் வரி ரசீது, நம் பேரில் மின் இணைப்பு. பட்டா யார் பேரிலும் இல்லை. பழைய சர்வே எண் ஒன்று, டவுன் சர்வே எண் இன்னொன்று. திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகள் 2011இல்தான் மாநகராட்சிக்குள் வந்தன. அங்கே கிராமத்துப் பதிவேடுகளும் நகரப் பதிவேடுகளும் ஒத்துப்போகாத இடங்கள் இன்னும் உண்டு.

உரிமையில் சிக்கல் இருந்தால் அரசு பணத்தை உங்களிடம் தராது. சட்டப்படி அதை நீதிமன்றத்திலோ நில எடுப்புக்கான ஆணையத்திலோ கட்டிவிட்டுப் போய்விடும். அப்புறம் அண்ணன் தம்பி, அத்தை பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அதை வெளியே எடுக்க வருஷக்கணக்கில் நடக்க வேண்டும்.

ஆகவே நோட்டீஸ் வரும் என்ற பேச்சு காதில் விழுந்த நாளிலேயே இவற்றைச் சேர்க்கத் தொடங்குங்கள்: தாய்ப் பத்திரமும் இடையில் உள்ள கிரையப் பத்திரங்களும், குறைந்தது முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா அல்லது டவுன் சர்வே பதிவேட்டு நகல், நில அளவை வரைபடம், இறந்தவர்களின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது. கிராம நத்தம் என்றால் நத்தம் பட்டா. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல்நிலை அறிவிப்புக்குப் பிறகு ஆட்சியர் இரண்டு மாதத்துக்குள் நிலப் பதிவுகளைச் சரிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. பட்டா மாற்றத்துக்கு அந்தச் சமயத்தில் மனுப் போட்டு, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அந்த அறிவிப்பு வந்த பிறகு ஆட்சியரின் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

புறம்போக்கில் இருக்கிறவர்களுக்கு நிலத்துக்கான விலை வராது. ஆனால் நகர்ப்பகுதியில் மூன்று வருடமோ அதற்கு மேலோ குடியிருந்த குடும்பத்தையும், பிழைப்பு பாதிக்கப்பட்ட குடும்பத்தையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றே எடுத்துக்கொள்கிறது. வாடகைக் கடைக்காரரும் இதில் வரலாம். குடும்ப அட்டை, பழைய மின் கட்டண ரசீது, பள்ளிச் சான்று என முகவரியும் தேதியும் உள்ள எதுவும் பயன்படும்.

மூன்றாம் படி: ஆட்சேபம்

2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல்நிலை அறிவிப்பிலிருந்து 60 நாள், தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 21 நாள். மற்றவற்றில் நோட்டீசில் உள்ள தேதி. "எங்க நிலத்தை எடுக்காதீங்க" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. பரப்பளவு தப்பாக இருக்கிறதா, கட்டடம் இருப்பதைக் காலி மனை என்று போட்டிருக்கிறார்களா, சர்வே எண் சரியா, உரிமையாளர் பேர் சரியா என்று பாருங்கள். அளக்க வரும்போது வீட்டில் ஒருவராவது கூட நில்லுங்கள். அவர்கள் எழுதிய அளவைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: விலை

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

நில மதிப்பைக் கணக்கிட 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 26 சொல்வது இது: அரசின் வழிகாட்டி மதிப்பு ஒன்று, பக்கத்தில் அதே மாதிரி நிலங்கள் விற்ற சராசரி விலை இன்னொன்று. இவற்றில் எது அதிகமோ அது. தனியார் பங்கு உள்ள திட்டம் என்றால், சம்மதித்த தொகையும் இந்த ஒப்பீட்டில் சேரும். சராசரி எடுக்கும் முறைதான் முக்கியம். முந்தைய மூன்று வருடங்களில் பதிவான பத்திரங்களை விலைப்படி வரிசைப்படுத்தி, அதிக விலை உள்ள மேல்பாதியை மட்டும் எடுத்துச் சராசரி போட வேண்டும். எல்லாப் பத்திரங்களையும் கூட்டி வகுக்கக் கூடாது.

ஒரு கற்பனைக் கணக்கு. உங்கள் தெருப் பக்கம் எட்டுப் பத்திரங்கள். சதுர அடிக்கு 3,800, 4,100, 4,400, 4,600, 5,900, 6,000, 6,300, 6,600 ரூபாய். எட்டையும் கூட்டி வகுத்தால் சுமார் 5,212. மேல்பாதி நான்கை மட்டும் எடுத்தால் 6,200. வழிகாட்டி மதிப்பு 5,000 என்று வையுங்கள். சட்டப்படி உங்களுக்கு வர வேண்டியது 6,200.

இனி மேலே போகலாம். எடுக்கும் நிலம் 600 சதுர அடி, அதாவது கால் கிரவுண்டு. 600 × 6,200 = 37,20,000. இதை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். ஊரகத்துக்கு அது 1 முதல் 2 வரை போகும், நகரத்துக்கு 1தான். மாநகராட்சி எல்லைக்குள் நமக்கு 1. கட்டட மதிப்பு 8,00,000 என்றால் மொத்தம் 45,20,000. இதன் மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை, இன்னொரு 45,20,000. ஆக 90,40,000. அப்புறம் நிலத்தின் சந்தை மதிப்புக்கு ஆண்டுக்கு 12 சதவீதம். இதைச் சமூகத் தாக்க ஆய்வுக்கான அறிவிப்பு நாளிலிருந்து, தீர்வம் (இழப்பீடு இவ்வளவு என்று முடிவு செய்யும் உத்தரவு) போடும் நாள் அல்லது நிலத்தைக் கையகப்படுத்தும் நாள், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை எண்ண வேண்டும். இரண்டு வருடம் என்றால் 8,92,800. எல்லாம் சேர்த்து 99,32,800.

இதையே வழிகாட்டி மதிப்பான 5,000இல் போட்டால் 83,20,000. சதுர அடிக்கு 1,200 ரூபாய் வித்தியாசம், கடைசியில் 16 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

அந்த மேல்பாதிப் பத்திரங்களை யார் தேடுவது? அலுவலகமும் ஒரு பட்டியல் வைத்திருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கும் சுற்றியுள்ள எண்களுக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அதில் 'கைமாற்றுத் தொகை', 'சந்தை மதிப்பு' என்று இரண்டு தொகைகள் இருக்கும். நல்ல விலை உள்ள பத்திரங்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ராயபுரமோ திருவொற்றியூரோ மாதவரமோ, உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். உங்கள் இடம் மெயின் ரோட்டில் இருந்தால் மெயின் ரோட்டுப் பத்திரங்களைத் தேடுங்கள். சந்துக்குள் இருக்கும் மனையின் விலையை வைத்துக் கடைமுகப்பின் விலையைக் குறைக்கப் பார்ப்பது வழக்கமாக நடப்பதுதான். அலுவலகம் எந்தப் பத்திரங்களை எடுத்தது, எதைத் தள்ளியது, ஏன் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க, உண்மை விலையில் பாதியைத்தான் பத்திரத்தில் காட்டினோம். தெருவே அப்படித்தான் செய்தது. மீதி பணம் மஞ்சள் பையில் போனது. இப்போது அந்தப் பத்திரங்கள்தான் அலுவலகத்தின் கையில் சாட்சி. 2017இல் வழிகாட்டி மதிப்பை அரசு 33 சதவீதம் குறைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. அந்தக் காலத்தில் நிலம் போனவர்களைத் தவிர.

ஐந்தாம் படி: கட்டடமும் மீதி இடமும்

கட்டடத்தைப் பொறியாளர் மதிப்பிடுவார். வயதைச் சொல்லித் தேய்மானம் கழிப்பார். போர்வெல், செப்டிக் டேங்க், ஷட்டர், கிரில், மதில் சுவர், முருங்கை மரம் வரை எல்லாம் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். முடிந்தால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் தனியாக ஓர் அறிக்கை வாங்கி வைப்பது, ஆகும் செலவுக்குத் தகுந்த காரியம்.

பெரியப்பா கடையில் நாங்கள் கோட்டைவிட்ட இரண்டாவது விஷயம் இங்கே வருகிறது. பதினோரு அடி போன பிறகு பின்னால் மிஞ்சியது ஒரு பொட்டலம் மாதிரி இடம். ஆணிப் பெட்டி அடுக்கலாம், இரும்புக் கம்பி இறக்க முடியாது. ஒரு வீட்டின் அல்லது கட்டடத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது, முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 94. கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் தீர்வம் போடுவதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டும். முழுவதும் வேண்டாம் என்றால், மீதி இடம் துண்டானதால் வந்த நஷ்டம், கடையை வேறு இடத்துக்கு மாற்றும் செலவு, இடைப்பட்ட காலத்தில் குறைந்த லாபம் ஆகியவற்றைப் பிரிவு 28இன் கீழ் கேளுங்கள். ஜிஎஸ்டி கணக்கு, வருமான வரிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் இங்கே பேசும். "வியாபாரம் நல்லா ஓடுச்சு சார்" என்பது பேசாது.

ஆறாம் படி: விசாரணை நாள்

பிரிவு 21 நோட்டீசில் ஆஜராகும் நாள் இருக்கும். குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அன்றைக்கு வாய்ப்பேச்சோடு போகாதீர்கள். பரப்பளவு, நீங்கள் கேட்கும் சதுர அடி விலை, அதற்கான பத்திர எண்கள், கட்டட மதிப்பு, பிரிவு 28 நஷ்டங்கள், மறுகுடியமர்வுக் கோரிக்கை எல்லாவற்றையும் ஒரே மனுவாக எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மாட்டோம் என்றால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

வீடு போகிற குடும்பத்துக்குத் தனியாகச் சில தொகைகள் உண்டு. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் நகர்ப்பகுதிக்கு 50 சதுர மீட்டருக்குக் குறையாத வீடு, வீடு வேண்டாம் என்றால் குறைந்தது ஒன்றரை லட்சம், ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் வாழ்வூதியம், சாமான் ஏற்றிப்போக 50,000, மறுகுடியமர்வுக்கு ஒருமுறை 50,000 என்றெல்லாம் இருக்கிறது. பெரிய தொகைகள் இல்லைதான். ஆனால் கேட்காததால் விட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும்.

ஏழாம் படி: "பேசி முடிச்சுக்கலாம்" என்றால்

தனியார் பேச்சுவார்த்தை முறையில் ஒரு விலை பேசி எழுதிக்கொடுக்கச் சொல்வார்கள். பணம் சீக்கிரம் வரும், அலைச்சல் குறையும். வயதானவர்கள், கடன் நெருக்கடியில் இருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் ஒப்புக்கொண்ட விலையை அப்புறம் நீதிமன்றத்தில் உயர்த்திக் கேட்க வழி அடைபடும். மேலே போட்ட கணக்கை உங்கள் நிலத்துக்குப் போட்டுவிட்டு, அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேசைக்குப் போங்கள். வருமான வரி நிலையும் தீர்வத்துக்கு ஒரு மாதிரி, பேசி விற்பதற்கு வேறு மாதிரி வரலாம். கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: பணம் வாங்கும் நாள்

தீர்வத்தின் நகலை வாங்காமல் காசோலையை வாங்காதீர்கள். கையெழுத்துக்கு மேலே, உங்கள் கைப்பட, தொகை போதாது என்ற ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 77 தெளிவாகவே சொல்கிறது: ஆட்சேபத்துடன் பணம் வாங்கலாம், ஆட்சேபம் இல்லாமல் வாங்கியவர் கூடுதல் தொகை கேட்டு மனுப் போட முடியாது. "இங்கெல்லாம் எழுதக் கூடாது" என்று யாராவது சொன்னால், அதே வாசகத்தைத் தனிக் கடிதமாக எழுதி, பணம் வாங்கும் முன்பே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அந்த ரசீதோடு போங்கள்.

முழு இழப்பீட்டையும் கொடுத்த பிறகே நிலத்தைக் கையகப்படுத்த வேண்டும் என்பது பொது விதி. பணம் தராமல் இடத்தை எடுத்திருந்தால் முதல் வருடத்துக்கு 9 சதவீதமும், அதன் பிறகு 15 சதவீதமும் வட்டி உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரும் தீர்வத் தொகைக்கு வருமான வரி இல்லை என்று பிரிவு 96 சொல்கிறது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2016 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டு அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. அதைத் தெரியாமல் வரி பிடித்தம் செய்தால், சுற்றறிக்கையைக் காட்டிக் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: கூடுதல் தொகைக்கு

தீர்வம் போட்ட அன்று நீங்களோ உங்கள் வக்கீலோ அங்கே இருந்திருந்தால், அன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஆட்சியருக்கு மனுக் கொடுத்து, வழக்கை ஆணையத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். இல்லாமல் போயிருந்தால் வேறு கணக்கு: நோட்டீஸ் கிடைத்து ஆறு வாரம், அல்லது தீர்வத்திலிருந்து ஆறு மாதம், எது முதலில் முடிகிறதோ அது. தக்க காரணம் காட்டினால் மேலும் ஓராண்டு வரை ஆட்சியர் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ஆணையத்தின் முடிவிலும் திருப்தி இல்லையென்றால் 60 நாளில் உயர் நீதிமன்றம். தேசிய நெடுஞ்சாலை என்றால் பாதை வேறு: முதலில் நடுவர், அதன்பின் மூன்று மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். "ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்று பேசுகிற இடைத்தரகர்களைவிட அது எவ்வளவோ மேல்.

கடைசியாக, பிரிவு 73. ஒரே அறிவிப்பில் நிலம் போன ஒருவருக்கு ஆணையம் தொகையை உயர்த்தினால், வழக்கே போடாத மற்றவர்களும் அதே விலையைக் கேட்டு ஆட்சியரிடம் மனுப் போடலாம். உயர்த்திய நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். பக்கத்துக் கடைக்காரருக்குத் தொகை கூடிய செய்தி எங்களுக்குத் தெரிந்தது அவர் மகள் கல்யாணத்தில். பந்தியில் உட்கார்ந்தபடியே பெரியப்பா விரல்விட்டு எண்ணினார். நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது.